நந்திக்கு ஏன் கொம்பு சின்னது? மாக்காளை, விடை, கோடு பற்றி

தோவாளை வாசகர் | ஜனவரி 15, காலை 7:40
இன்னைக்கு மாட்டுப் பொங்கல். தெருவுல நிக்குற ஒவ்வொரு மாட்டுக்கும் முதல்ல தெரியுறது கொம்புதான். சீவி, எண்ணெய் தடவி, பச்சையும் சிவப்பும் அடிச்சு, நுனியில குப்பி போட்டு விட்டிருக்காங்க. ஆனா கோயில் நந்தியைப் பாருங்க. திமில் மலை மாதிரி, கழுத்துல மணிமாலை நாலு வரிசை, கொம்பு மட்டும் கன்னுக்குட்டிக்கு இருக்குற அளவு. சிற்பிக்குக் காங்கேயம் காளை தெரியாதா? இல்ல சாத்திரமே அப்படியா? சுசீந்திரம் கோயில்ல படுத்திருக்குற பெரிய நந்தி, அந்த மாக்காளையையும் சேர்த்துத்தான் கேக்குறேன்.

சுதைவேலை | ஜனவரி 15, இரவு 9:05
கொம்பு சின்னதா இருப்பதற்கு முதல் காரணம் கல்லு. கல் பாரம் தாங்கும், வளைவு தாங்காது. மேலிருந்து அமுக்கும் பாரத்தை எவ்வளவு தாங்குமோ, அதில் பத்தில் ஒரு பங்கு இழுப்பைக்கூட அது தாங்காது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, காது, வால்நுனி மூன்றும் இழுப்பில் நிற்கும் உறுப்புகள். அதனால்தான் நந்தியின் காது தனியாக விடைத்து நிற்காமல் கொம்பின் அடியில் ஒட்டிக் கிடக்கும். வால் தொடைமேல் சுருண்டு புடைப்பாக நிற்கும். வயிற்றுக்கும் பீடத்துக்கும் நடுவே கல்லைக் குடையாமல் விட்டிருப்பார்கள். இந்த நாலையும் போய்ப் பாருங்கள், ஒரே காரணம்தான்.

இதற்குச் சாட்சி மர ரிஷப வாகனம். மரத்தில் கொம்பைத் தனியாகச் செதுக்கிச் சொருகலாம். அதனால் வாகனத்துக் காளைக்குக் கொம்பு தாராளமாக இருக்கும். ஒரே கோயில், ஒரே தெய்வம், ஒரே சாத்திரம். பொருள் மாறினதும் கொம்பு வளர்ந்துவிட்டது.

மயிலாடி உளி | ஜனவரி 15, இரவு 10:20
பட்டறைக் கணக்கைச் சொல்லுதேன். 3 அடி நீள நந்திக்குக் கல் எடுக்கும்போது எல்லாப் பக்கமும் ரெண்டு அங்குலம் கூடுதலா வச்சு எடுக்கணும். முதல்ல தட்டிப் பாக்கணும். வெண்கல மணி மாதிரி நின்னு ஒலிச்சா ஆண் கல், தாளம் மாதிரி ஒலிச்சா பெண் கல், ஒலியே இல்லாம டொக்குன்னு கேட்டா அலிக்கல். மூணாவதை உருவத்துக்கு எடுக்கக் கூடாது.

அடுத்தது தண்ணி. கல்லு முழுக்கத் தண்ணி ஊத்தி வெயில்ல விடுங்க. மத்த இடமெல்லாம் காய்ஞ்ச பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமா நிக்குமானா அதுதான் நரம்பு. அந்த நரம்பு உடம்பு வழியாப் போனா பரவாயில்ல. தலைப்பக்கம் குறுக்கே போச்சுன்னா கல்லைத் திருப்பிப் போட்டு, தலையையும் வாலையும் இடம் மாத்தி வரையணும். இதைப் பாக்காம உளி வச்சா, தலை முடிஞ்சு கண்ணு காது எல்லாம் எடுத்த பிறகு, கடைசி நாள்ல கொம்பு கையோட வந்துரும். ஒட்டவச்ச கொம்போட நந்தி பிரதிஷ்டைக்கு ஆகாது.

அப்புறம் செங்காவியில நடுநூல் போடணும். மூக்கு நடு, நெத்தி நடு, திமில் நடு, வால் அடி நாலும் ஒரே நூல்ல நிக்கணும். முதல்ல நாலு மூலையும் உடைச்சு உருண்டை ஆக்கணும். தலையும் கொம்பும் கடைசி. கொம்பைச் சுத்திச் செதுக்காத ஒரு கல்முண்டு விட்டு வச்சு, உடம்பு வேலை முழுசும் முடிஞ்ச பிறகுதான் அந்த முண்டைத் தொடணும். இப்போ கட்டர் மெஷின் வந்தாச்சு, உடம்பு வேலை நாள்கணக்குல குறையுது. ஆனா கொம்புகிட்ட மெஷினைக் கொண்டுபோகாதீங்க, அதிர்வுல உள்ளே மயிர்க்கோடு விழும், அன்னைக்குக் கண்ணுக்குத் தெரியாது. மெஷின் தூசிக்கு முகத்துல துணி கட்டுனா போதாது. நுரையீரலுக்குள்ள போற தூசி துணி இழைக்குள்ள நுழையுற அளவு நுணுக்கம். தண்ணி விட்டு அறுக்கணும்.

தோவாளை வாசகர் | ஜனவரி 16, காலை 6:55
சரி அண்ணாச்சி, கல்லுக்கு ஒத்துக்கிட்டேன். மாக்காளை கல்லு இல்லையே, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வச்சுக் கட்டின சுதை. சுதையில எப்படி வேணும்னாலும் நீட்டலாமே?

சுதைவேலை | ஜனவரி 16, மாலை 5:30
நீட்ட முடியாது. சுதை இழுப்புக்குக் கல்லைவிடப் பலவீனம். உள்ளே கம்பி வைத்தால்தான் நீட்டலாம். கம்பியின் கதையைப் பிறகு சொல்லுகிறேன்.

முதலில் அது ஏன் சுதை என்று பார்ப்போம். கல் கிடைக்காததால் அல்ல. அதே கோயிலில் 18 அடி ஆஞ்சநேயர் ஒற்றைக் கல்லில் நிற்கிறார். மாக்காளை 13 அடி உயரம், 21 அடி நீளம். அகலம் 8 அடி என்று வைத்துக்கொண்டால் சுற்றிப் பெட்டி போட்டால் 2184 கன அடி. படுத்த மாடு அந்தப் பெட்டியில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும் என்றால் சுமார் 870 கன அடி. கருங்கல் ஒரு கன அடி 75 கிலோ. 65 டன். நிற்கிற ஆஞ்சநேயருக்கு இதே மாதிரி 6 அடி அகலம், 3 அடி கனம் போட்டு, பாதி நிறைந்தது என்றால் 12 டன். ஐந்து மடங்கு வித்தியாசம். செங்கலும் சுண்ணாம்பும் தலைச்சுமையில் வந்து சேரும். 65 டன் ஒரே கல்லாக வர வேண்டும், வந்த பிறகு மண்டபத்துக்குள் திரும்பவும் வேண்டும்.

மயிலாடி உளி | ஜனவரி 16, இரவு 8:15
தஞ்சாவூர் நந்தியே 25 டன்னுதான் எல்லாரும் எழுதுறாங்க. அது 12 அடி உயரம், 19½ அடி நீளம், 8¼ அடி அகலம். கிட்டத்தட்ட நம்ம மாக்காளை அளவு. 65 எப்படி வரும்?

சுதைவேலை | ஜனவரி 16, இரவு 11:40
நல்ல கேள்வி. போட்டுப் பார்த்தேன். தஞ்சை நந்திக்குப் பெட்டி 1930 கன அடி. 25 டன் என்றால் கல் 333 கன அடிதான், பெட்டியில் ஆறில் ஒரு பங்கு. திமிலும் வயிறும் தொடையும் கொண்ட உருவம் ஆறில் ஐந்து பங்கு காற்றாக இருக்க வாய்ப்பில்லை. ஒன்று அளவு பீடத்தோடு எடுத்தது, இல்லையென்றால் எடை குறைத்துச் சொன்னது. ஆனால் என் 65-ஐயும் அப்படியே நிற்க விடமாட்டேன். ஐந்தில் இரண்டு என்பது நான் போட்ட ஊகம். 25 டன் கணக்கையே நம்பினாலும் மாக்காளை கல்லில் 28 டன் வரும். 28-க்கும் 65-க்கும் நடுவே எதுவானாலும் ஆஞ்சநேயரைவிட இரண்டு மடங்குக்கு மேல். வாதம் நிற்கிறது, எண்ணை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கண்ணில் பட்டது. நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். மாக்காளை 1.62, தஞ்சை 1.63. மைசூர் சாமுண்டி மலை நந்தி 16 அடிக்கு 24 அடி, 1.5. லேபாட்சி 15 அடிக்கு 27 அடி, 1.8. லேபாட்சி இருந்த பாறையைக் குடைந்தது, பாறை கிடந்த கிடையில் காளையும் நீண்டு கிடக்கிறது. சுதையில் கட்டின மாக்காளைக்குப் பாறைக் கட்டுப்பாடு இல்லை, எந்த விகிதமும் எடுத்திருக்கலாம். அப்படியிருந்தும் கல்லில் செய்த தஞ்சை நந்தியின் விகிதத்திலேயே நிற்கிறது. கொம்பும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. கல்லில் பழகின கண், சுதையிலும் கல் நந்தியைத்தான் செய்திருக்கிறது.

கல்குளம் பக்கத்து ஆள் | ஜனவரி 18, மதியம் 1:10
நீங்க ரெண்டு பேரும் எடையிலயே நிக்கிறீங்க. கொம்புக்கு ஒரு வேலை இருக்குல்லா, அதைச் சொல்லலியே. பிரதோஷ நேரத்துல சிவன் நந்தியோட ரெண்டு கொம்புக்கு நடுவுல ஆடுதாருன்னுதானே நம்பிக்கை. அதுக்காகத்தானே பின்னால நின்னு கொம்பு இடைவெளி வழியா லிங்கத்தைப் பாக்கோம்.

சுதைவேலை | ஜனவரி 18, இரவு 9:50
விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தீர்கள். இதைக் கணக்காகவும் பார்க்கலாம். கொம்பு இடைவெளி 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கண் கொம்புக்கு 4 அடி பின்னால். கருவறை வாசல் கொம்பிலிருந்து 30 அடி. மொத்தம் 34 அடி, 4-ஆல் வகுத்தால் எட்டரை மடங்கு. 5 அங்குலம் அங்கே 42 அங்குலமாக விரியும், அதாவது மூன்றரை அடி. வாசல் அகலம் இரண்டு கொம்பும் போடுகிற சட்டத்துக்குள் அடங்கி நிற்கும். கொம்பு நீண்டு உள்ளே வளைந்தால் நுனிகள் ஒன்றையொன்று நெருங்கி அந்தச் சட்டம் மேலே மூடிக்கொள்ளும். வெளியே விரிந்தால் சட்டமே இருக்காது. குட்டையாக, நேராக, சற்று மேல்நோக்கி நிற்கிற கொம்பு ஒரு வாசல்.

ஆக, முதல் நாள் "முதல் காரணம் கல்லு" என்று எழுதினதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். கல் கொம்பைக் குட்டையாக்கியது, வழிபாடு அந்தக் குட்டைக் கொம்புக்கு ஒரு பொருள் கொடுத்தது. பிறகு கொம்பை நீட்ட வசதி வந்தபோதும் யாரும் நீட்ட விரும்பவில்லை.

கல்குளம் பக்கத்து ஆள் | ஜனவரி 19, காலை 8:00
கொம்புன்னதும் ஊர்ப்பேரு ஞாபகம் வருது. சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடிப்போற சிவாலய ஓட்டத்துல வர்ற திருவிடைக்கோடு. விடைன்னா காளை, கோடுன்னா கொம்பு. காளைக் கொம்பு ஊரு! இதுக்கு மேல சாட்சி வேணுமா?

சுதைவேலை | ஜனவரி 19, இரவு 10:15
விடை காளைதான், அதில் சந்தேகம் வேண்டாம். தேவாரம் முதல் பதிகத்தின் முதல் அடியிலேயே சிவன் விடையேறித்தான் வருகிறார். ஏறு, இடபம், பெற்றம் எல்லாம் அதே குடும்பத்துச் சொல். ஆனால் கோடு என்பதைக் கொம்பு என்று எடுக்கத் தயக்கமாயிருக்கிறது. பன்னிரண்டு சிவாலயங்களின் பட்டியலைச் சொல்லிப் பாருங்கள்: திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். நாலு ஊர் கோடு என்று முடிகிறது. மேலாங்கோட்டில் எந்த மிருகத்தின் கொம்பு? கோடு என்றால் மலைச்சரிவு, கரை, மேடு என்றும் பொருள். நாலுக்கும் பொதுவாகப் பொருந்துவது மேடுதான். காளை மேடு என்று வைத்துக்கொண்டாலும் காளை போய்விடவில்லையே.

திருநந்திக்கரைக்கு இந்தச் சிக்கல் இல்லை, பெயரிலேயே நந்தி. அங்கே குடைவரையின் சுவர் ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்கள் சுவரில் கை வைக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். மிச்சமிருப்பது கோடுகளும் கொஞ்சம் நிறமும்தான்.

ஒரு விலகல். பன்னிரண்டும் சிவன் கோயில், ஆனால் ஓடுகிறவர்கள் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்றுதான் ஓடுவார்கள். பீமன் கோவிந்தா, கோபாலா என்று கூவ, சிவபக்தனான புருஷாமிருகம் அவனைத் துரத்தின கதை அது. சிவாலய ஓட்டத்தின் மிருகம் காளை இல்லை, பாதி மனிதனான புருஷாமிருகம். ஆனால் கோபாலன் என்ற பேருக்குள் மாடு மேய்க்கிறவன் இருக்கிறான்.

தோவாளை வாசகர் | ஜனவரி 22, இரவு 7:30
நாஞ்சில் நாட்டுக்கே மாட்டோட தொடர்பு உண்டே, நாஞ்சில்னா கலப்பைதானே? மாடுன்னா செல்வம்னும் பள்ளிக்கூடத்துல படிச்சது.

சுதைவேலை | ஜனவரி 22, இரவு 10:00
ஆமாம். நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்றே பொருள். சங்கப் பாட்டிலேயே நாஞ்சில் வள்ளுவன் வருகிறான், புறநானூறு 137 முதல் 140 வரை. மாடு என்றால் செல்வம் என்பதற்குக் குறள் 400 போதும்: "மாடல்ல மற்றை யவை". அந்தச் செல்வத்தைக் கவர்வதும் மீட்பதும் போராகவே இருந்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லில் தமிழ் பிராமி எழுத்தில் "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்" என்றிருக்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். ஒரு மாட்டுப் பூசலில் செத்தவனுக்குக் கல். கோயிலில் படுத்து அசை போடுகிற நந்திக்கும் இந்தக் கல்லுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். முன்னது சாந்தம், பின்னது ரத்தம், இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே மாடு.

இன்னொரு திருத்தமும் போட்டுவிடுகிறேன். நந்தி என்றாலே காளை என்று எல்லாரும் எழுதுகிறோம், நானும் எழுதினேன். நந்திகேசுவரர் சிவகணங்களின் தலைவர், பழைய சிற்பங்களில் மனித உருவில் வாசல் காக்கிறார். காளைக்குப் பெயர் இடபம். இரண்டும் பிறகு ஒன்றாகிவிட்டது. மாட்டு முகமும் மனித உடம்புமாக நிற்கிற அதிகார நந்தியில் அந்தச் சேர்க்கையைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுசீந்திரத்தில் மாக்காளை என்ற பெயர் நிலைத்தது எனக்குப் பிடிக்கும். அது காளையைக் காளை என்றே கூப்பிடுகிறது.

மயிலாடி உளி | பிப்ரவரி 3, இரவு 9:00
சுதைக் கம்பியைப் பத்திச் சொல்லுதேன்னு சொன்னீங்க. கோயில் நந்தி ஒண்ணுல காது அடியில விரிசல், சிமெண்டு வச்சு அடைச்சாங்க, ஆறு மாசத்துல மறுபடியும் அதே இடம்.

சுதைவேலை | பிப்ரவரி 4, இரவு 10:45
அதே இடத்தில்தான் வரும். உள்ளே இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், உள்ளிருந்து தள்ளும். விரிசல் காதின் அடியிலிருந்து நட்சத்திரம் மாதிரிப் பிரிந்தால், ஓரத்தில் காவிக் கறை இருந்தால், குற்றவாளி கம்பிதான். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், துரு வேகமாகும். சிமெண்டு சுண்ணாம்பைவிடக் கெட்டி, மூச்சு விடாது. சுண்ணாம்பு கொஞ்சம் அசையும், சிமெண்டு அசையாது. இரண்டும் சேருகிற விளிம்பில் புது விரிசல். நம்ம பக்கம் கடல் உப்பும் சேரும். உப்பு விளிம்பில் வந்து பூத்து, சுதையைப் பொடியாக உதிர்க்கும்.

செய்ய வேண்டியது: சிமெண்டை முழுக்கத் தட்டி எடுங்கள். பழைய சுதை கெட்டியாக இருக்கும் இடம் வரை சுரண்டுங்கள். துருப்பிடித்த கம்பியை எடுத்துச் செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வையுங்கள். நீற்றின சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் குழியில் தண்ணீருக்குள் போட்டு வைத்து, சலித்து எடுங்கள். நீறாத கல் ஒரு மிளகு அளவு உள்ளே போனாலும் பிறகு நீறி ஊதி, மேற்பூச்சில் குழி விழும். ஆற்றுமணல் இரண்டு முதல் மூன்று பங்கு, கடல்மணல் கூடவே கூடாது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரில் குழையுங்கள். கருப்பட்டி இளக்கம் கொடுக்கும், இறுகுவதை மெதுவாக்கும். கூடிப்போனால் இறுகவே இறுகாது, எறும்பு வரும்.

ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தடிமனாக ஒரே நாளில் அப்பினால் அதன் சொந்தப் பாரத்திலேயே தொங்கிப் பிரியும். ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் அடியை நனையுங்கள், மேலே ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரமாவது காயாமல் வையுங்கள். மேற்பூச்சு சலித்த நைஸ் மணல், ஒரு நூல் கனம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அது ஈரமாக இருக்கும்போதே கண் இமையின் விளிம்பைக் கீறிவிட வேண்டும், காய்ந்த பிறகு கீறினால் சில்லு பெயரும்.

காலம் முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழை விட்ட பிறகு தொடங்கி, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பும் முன்னால் முடியுங்கள். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் சுதை மேல்தோல் மட்டும் காய்ந்து சிலந்திவலை மாதிரி வெடிக்கும்.

கல்குளம் பக்கத்து ஆள் | பிப்ரவரி 5, காலை 7:20
சுதை நந்திக்குப் பால் தயிர் அபிஷேகம் பண்ணலாமா? கல் நந்திக்குப் பண்ணுற மாதிரி?

சுதைவேலை | பிப்ரவரி 5, மாலை 6:00
கூடாது. தயிர், எலுமிச்சை, பஞ்சாமிர்தம் எல்லாம் புளிப்பு. புளிப்புச் சுண்ணாம்பைக் கரைக்கும். சுதை மூர்த்திகளுக்கு அபிஷேகம் கிடையாது, தைலக்காப்பு, அதாவது எண்ணெய்ப் பூச்சு மட்டும் என்ற வழக்கம் வெறும் சடங்காக வந்ததில்லை. மாலையும் அருகம்புல்லும் போதும்.

சுதைவேலை | பிப்ரவரி 16, இரவு 11:20
பெயிண்டு பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனசு வரவில்லை. திருப்பணி என்றால் எனாமல் டப்பா வாங்கிவிடுகிறார்கள். எனாமல் சுதைமேல் தோல் மாதிரி உட்காரும். சுவாசம் அடைபட்டு, மழைக்காலம் முடிந்ததும் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், உரியும்போது சுதையின் மேற்பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பு வெள்ளை மூன்று மெல்லிய பூச்சு, கடைசிப் பூச்சில் துளி நீலம். போதும்.

இதைவிட வருத்தம் கண். சிற்பி செதுக்கின நந்தியின் கண்ணில் கருவிழி புடைப்பாகவோ, கீறலாகவோதான் இருக்கும், பார்வை கருவறையை நோக்கிப் போகும். பெயிண்டு அடிக்கிறவர் வெள்ளை அடித்து, நடுவில் கறுப்பு வட்டம் வைத்து, ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும் வைத்தால், நந்தி பக்கத்தில் நிற்கிற நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. சிவனையே பார்த்துக்கொண்டு கிடக்கிற ஒரே உயிர் அது. அந்தப் பார்வையைத் திருப்பிவிட்டால் மிச்சமிருப்பது பெரிய மாட்டுப் பொம்மை. கருவிழி வைத்தே ஆக வேண்டுமென்றால், நந்திக்கு முன்னால் கருவறை வாசலில் ஒருவர் நின்று, பார்வை தன்மேல் விழுகிறதா என்று சொல்லச் சொல்ல வையுங்கள்.

மயிலாடி உளி | பிப்ரவரி 17, காலை 9:30
கல்லுலயும் அப்படித்தான். கண்ணு திறப்பு கடைசி, தங்க ஊசி, பிரதிஷ்டை சமயத்துல. அதுவரைக்கும் இமை விளிம்பை மட்டும் எடுத்து விழியை மழுக்கா விட்டு வைக்கணும்.

தோவாளை வாசகர் | பிப்ரவரி 26, இரவு 11:55
இன்னைக்குச் சிவராத்திரி. ஒரு ஊர்ல நந்திக்குப் பின்னால நின்னு பாத்தேன். கொம்பு இடைவெளி நாலு விரல் இருக்கும். வாசல்ல பாதிதான் தெரிஞ்சுது. உங்க கணக்கு எங்க தப்பு?

சுதைவேலை | பிப்ரவரி 27, காலை 6:10
கணக்கு சரி, நின்ற இடம் தள்ளி. நாலு விரல் என்றால் 3 அங்குலம். வாசல் 30 அடி தூரத்தில் என்றால், மூன்றரை அடி அகலம் தெரிய 14 மடங்கு விரிய வேண்டும். கண் கொம்புக்கு 2 அடி 4 அங்குலத்துக்குள் வர வேண்டும். திமிலுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றால் முடியாது. திமிலுக்குப் பக்கவாட்டில் குனிந்து, கன்னம் நந்தியின் கழுத்துக்கு நேராக வருகிற மாதிரி நின்று பாருங்கள்.

தோவாளை வாசகர் | மார்ச் 11, இரவு 8:20
குனிஞ்சு பாத்தேன். விளக்கு வரைக்கும் முழுசாத் தெரிஞ்சுது.